மிதிக்காத பனி

பிரின்ஸ் ஆல்பர்ட்,
ஜனவரி 30, 1948

அன்புள்ள ஆம்புரோஸ் மாமாவுக்கு,

டெல்ஃபின் எழுதுவது. நானும் செசிலும் பிரின்ஸ் ஆல்பர்ட் ஊருக்கு வந்து சேர்ந்தோம். அக்கா தன் சமையலறைக்குப் பின்னால் ஓர் அறை ஒழித்துக் கொடுத்திருக்கிறாள். ஒரு ஹோட்டலின் சலவைக் கூடத்தில் இஸ்திரி போடுகிற வேலை கிடைத்துவிட்டது. நீங்கள் கட்டிக் கொடுத்த உலர்ந்த மீனைச் செசில் தொட மாட்டேன் என்கிறாள். அப்பா வந்ததும் சேர்ந்து சாப்பிடலாமாம். ஆறு வயதுக்கு இதற்கு மேல் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

நோர்பெர்ட் டிராக்டரோடு முழுகிப் போன விஷயமாக விபத்து ஆபீஸுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். கம்பெனி அனுப்பிய அறிக்கையைக் குமாஸ்தா எனக்குப் படித்துக் காட்டினார். "டிராக்டர் டிரைவர் குறியிட்ட தடத்தை விட்டு விலகி, தானாகவே சுருக்கு வழி தேடி மஸ்கெக்கில் இறங்கியதால்" என்று எழுதியிருக்கிறது. பதினான்கு வருடம் பனித்தடத்தில் டிராக்டருக்குப் பின்னால் சறுக்கு வண்டிகளைக் கோத்துச் சாமான் ரயில் ஓட்டியவன், மாமா. தடத்தை விட்டு ஓர் அடி விலகாதவன். அந்த ஒரு சொல்லை, "விலகி" என்பதை, அடித்துப் போட வைக்கவேண்டும். எனக்கு வேறெதுவும் வேண்டாம்.

குமாஸ்தா கடல் தாண்டி வந்து ஆறு மாதம் ஆன மனிதர். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்:

"ஏம்மா, இந்த மஸ்கெக்குன்றது ஏரியா, நிலமா? படிவத்துல ரெண்டு கட்டம்தான் இருக்கு."

"ரெண்டும் இல்லீங்க."

"அப்படின்னா நான் எதுல டிக் போடறது?"

விவரம் தெரிந்த ஒருவர் எழுதிக் கொடுத்தால் கோப்பில் சேர்த்துக்கொள்வாராம். ஏப்ரலுக்குள் கோப்பை மூடிவிடுவார்கள். உங்களை விட்டால் யாரைக் கேட்பேன்? மூஸ்கொம்பு ஏரியிலிருந்து வடக்கே முப்பது மைல் தடத்தைப் பார்த்துக்கொள்கிறவர் நீங்கள்தான். மஸ்கெக் என்றால் என்ன, அதில் வழி போடுவது எப்படி, அன்று என்ன நடந்தது, மூன்றையும் எழுதுங்கள்.

பள்ளிக்கூடத்தில் ஒருத்தி செசிலிடம், "உங்கப்பா குடிச்சிட்டு மஸ்கெக்ல போனவராமே" என்றாளாம். மூஸ்கொம்பு ஏரிச் சேதி எனக்கு முன்னாலேயே இந்த ஊருக்கு வந்துவிட்டது.

டெல்ஃபின்


மூஸ்கொம்பு ஏரி, வடக்குத் தடம்,
பிப்ரவரி 9, 1948

என் கண்ணான டெல்ஃபினுக்கு மாமா ஆம்புரோஸ் லவாலே எழுதிக்கொண்டது.

சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறாய். மிஷன் பள்ளிக்கூடத்தில் இரண்டே பனிக்காலம் படித்தவன்தான் நான். ஆனால் அந்த இரண்டு பனிக்காலத்தில் பாதிரியாரே என்னைக் கேட்டுத்தான் வேதத்துக்கு விளக்கம் சொல்லுவார். இந்தக் கடிதத்தைக் கண்ணாடி போட்டு மாட்டச் சொல் உன் குமாஸ்தாவை.

மஸ்கெக் என்பது என் அம்மா பேசிய க்ரீ பாஷைச் சொல். அது சேறு இல்லை. சேறு என்றால் காலைக் கழுவினால் போய்விடும். ஏரியும் இல்லை, ஏரி தன்னை ஏரி என்று ஒத்துக்கொள்ளும். மஸ்கெக் ஒத்துக்கொள்ளாது. மேலே பாசி, பாசியின் மேல் புல், புல்லின் நடுவே உன் இடுப்பு உயரத்துக்குக் குச்சி குச்சியாக ஊசியிலை மரங்கள். அந்தக் குச்சி மரத்துக்கு என்னைவிட வயது. பார்த்தால் புல்வெளி. குதித்தால் பத்தடி தள்ளி நிற்கிற மரம் தலையாட்டும். அடியில் என்ன இருக்கிறது என்று நான் ஒருமுறை நாற்பதடிக் கம்பை விட்டுப் பார்த்தேன். கம்பு போனது போனதுதான். மறு வருடம் அது சீனாக்காரன் தோட்டத்தில் முளைத்ததாகக் கேள்வி. பார்வோனின் சேனை முழுகியது கடலில் என்று பாதிரியார் சொல்லுவார். கடலில் எப்படித் தேர் ஓட்டுவான்? அது மஸ்கெக். எழுதினவனுக்கு அந்தச் சொல் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அந்தச் சொல்லை நாங்கள் எதற்கெல்லாம் சொல்லுவோம் என்றும் எழுதிவைக்கச் சொல். கல்யாணம் முறிந்தவனை "மஸ்கெக்குல நிக்கிறான்" என்போம். மார்ச்சளி வந்தவளையும் அப்படியே. கைவிட்டால் போச்சு, இழுத்தால் இன்னும் உள்ளே போகிறான், இப்படிப்பட்ட எல்லாவற்றுக்கும் இந்த ஒரே சொல்தான். உன் அத்தை என்னைக் கட்டிக்கொண்ட அன்று அவள் அண்ணன், "மஸ்கெக்குல கால வச்சிட்டியேம்மா" என்று அழுதான். ஆனால் பார், அவள் இருபத்தெட்டு வருடம் அமிழாமல் நின்றாள்!

இனி வழி போடுகிற வித்தை. இதைத் தெற்கத்திக்காரனுக்குச் சொன்னால் சிரிப்பான். குளிர் வந்தால் மஸ்கெக் உறைந்துவிடும் என்று நினைக்கிறான். உறையாது! முதல் பனி விழுந்ததும் அதுவே போர்வையாகிவிடுகிறது. மேலே எச்சில் துப்பினால் தரையில் விழுமுன் கல்லாகிற குளிர், அடியில் மஸ்கெக் வெதுவெதுவென்று தூங்கும். அதனால் பனி விழுந்த உடனே அதை மிதிக்கவேண்டும். குதிரையை விட்டு மிதி, நீயும் மிதி, போர்வையை நசுக்கு. அப்போதுதான் குளிர் உள்ளே இறங்கும். பத்து நாள் விட்டு மறுபடி மிதி. இப்படி மூன்று மிதிக்குப் பிறகு அதன் மேல் மாதா கோவிலையே இழுத்துக்கொண்டு போகலாம். பிறகு இரண்டு பக்கமும் ஊசியிலைக் கன்று வெட்டி நட்டு வரிசை பிடித்துவிட்டால் டிரைவர் கண்ணை மூடிக்கொண்டு வரலாம்.

இந்த வருடமும் கிறிஸ்மஸ் வரைக்கும் என் குதிரை பிஷப்போடு முப்பது மைலையும் மூன்று முறை மிதித்தேன். போர்மன் கில்கிறிஸ்ட் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "ஆம்புரோஸ், ராணுவத்துல இருந்திருந்தா நீ ஜெனரல்யா" என்றார்.

அன்று நடந்தது: நோர்பெர்ட் தன் பாதையில் போனான், கடவுள் அவனைக் கூப்பிட்டார். டிராக்டர் இறங்கும்போதே அவன் கூரை மேல் ஏறி நின்று, தொப்பியைக் கழற்றி, நம் புத்தாண்டுப் பாட்டைப் பாடினான். பயமே இல்லை. ஒரு சிங்கத்தைப்போல. செசிலிடம் இதைச் சொல்.

உன் மாமா,
ஆம்புரோஸ் லவாலே


பிரின்ஸ் ஆல்பர்ட்,
பிப்ரவரி 20, 1948

மாமாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. பார்வோனைப் பற்றிப் படித்த இடத்தில் குமாஸ்தா சிரித்துவிட்டார். பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டு இன்னொரு முறை படித்துக் காட்டினார். கோப்பில் சேர்த்தார். ஆனாலும் "விலகி" அப்படியே இருக்கிறது. தடம் நன்றாக மிதிக்கப்பட்டிருந்தது என்று தடக்காரரே எழுதியிருப்பதால், டிரைவர் விலகித்தான் போயிருக்கவேண்டும் என்று இன்னும் உறுதியாகிவிட்டதாம்.

செசிலிடம் அந்தப் பாட்டைச் சொன்னேன். "மாமாத்தாத்தா பக்கத்துல நின்னு பார்த்தாரா?" என்று கேட்டாள். நீங்கள் அப்போது இரண்டு மைல் தள்ளி உங்கள் குடிலில் இருந்தீர்கள். நோர்பெர்டோடு உதவிக்குப் போன மோயீஸ் ஓடிவந்து சொன்ன பிறகுதான் போனீர்கள். மோயீஸோ கடைசி வண்டியில், அடுப்புப் போட்ட கூண்டில், தூங்கிக்கொண்டிருந்தவன். அப்படியானால் பாடியதைக் கேட்டது யார்?

கோபித்துக்கொள்ளாதீர்கள். இரவெல்லாம் யோசித்ததைக் கேட்கிறேன்.

புத்தாண்டு விருந்தில் எல்லார் முன்னாலும் சொன்னீர்கள், இந்த வருடம் மணல் முகட்டைச் சுற்றிப் போகவேண்டாம், பெரிய மஸ்கெக்கின் குறுக்கே நேராகத் தடம் போட்டுவிட்டேன், நாலு மைல் மிச்சம் என்று. "பெரியவர் பேச்ச விடு, அடுத்த வருஷம் ஏரிக்கு மேல பாலம் கட்டுவாரு" என்று எல்லாரும் சிரித்தார்கள். நோர்பெர்ட் சிரிக்கவில்லை. நம் வழக்கப்படி உங்கள் முன்னால் மண்டியிட்டு ஆசீர்வாதம் வாங்கினான். எழுந்திருக்கும்போது கேட்டான், நான் பக்கத்தில்தான் நின்றேன்:

"மாமா, நேர்த்தடத்துல இறங்கலாமில்ல?"

"மாதா மேல ஆணை மாப்பிள்ள. ரெண்டு பக்கமும் கன்னு நட்டிருக்கேன், கல்லு மாதிரி கெடக்கு. கண்ணு தெரியாதவன் கூடப் போவான்."

அறிக்கையில் கன்று வரிசை மணல் முகட்டைச் சுற்றிப் போவதாக இருக்கிறது. நேர்த்தடம் என்ன ஆயிற்று?

இன்னொன்று. கிறிஸ்மஸ் வரைக்கும் பிஷப்போடு மிதித்ததாக எழுதியிருக்கிறீர்கள். பிஷப் நவம்பர் கடைசியிலிருந்தே முன்கால் நொண்டி லாயத்தில் கிடந்தது. ஓநாய்க் கூட்டத்தோடு சண்டை போட்டதாகச் சொன்னீர்கள். செசில் தினமும் போய் அதற்குக் கேரட் ஊட்டிவிட்டு வருவாள். உங்களுக்கு மறந்திருக்கலாம். அவளுக்கு மறக்கவில்லை.

டெல்ஃபின்


மூஸ்கொம்பு ஏரி,
மார்ச் 2, 1948

டெல்ஃபினுக்கு,

நீ போலீஸ்காரனைக் கட்டியிருக்கவேண்டும்.

பிஷப் என்று எழுதியது பழக்கதோஷம். இரவல் குதிரை ஒன்று இருந்தது. யாருடையது என்று இப்போது ஞாபகமில்லை, வெள்ளை நெற்றி. இப்படி ஒவ்வொரு குதிரைக்கும் கணக்குக் கேட்டால் மனிதன் எப்படி வேலை செய்வான்?

நேர்த்தடம் என்று நான் சொன்னது விருந்துப் பேச்சு. இறைச்சி உருண்டை சூப்பும் பிடிலும் இருக்கிற இடத்தில் ஆண்பிள்ளை நாலு வார்த்தை கூடத்தான் சொல்லுவான். போடவேண்டும் என்று நினைத்தேன், பிறகு விட்டுவிட்டேன். போர்மன் கில்கிறிஸ்டும் இதைத்தான் சொன்னார்: "ஆம்புரோஸோட நேர்த்தடம் அவரு வாயிலதான்யா ஓடுது." ஊரே சிரித்தபோது உன் புருஷன் ஒருவன்தான் நம்பினான் என்றால் அதற்கு நான் என்ன செய்ய? மோயீஸ் சொல்வதைக் கேட்காதே. அன்றைய குளிரில் அவன் கால்விரல் நான்கு போய்விட்டது, அந்த வலியில் வாய்க்கு வந்ததைப் பேசுகிறான்.

டிராக்டரைப் போன வாரம் இரும்புக் கயிறு கட்டி இழுத்தார்கள். மூன்று நாள். பாசியும் வேரும் தலைமுடி மாதிரி தொங்க வெளியே வந்தது. டிரைவர் இருக்கை காலி. சுற்றிலும் கம்பு விட்டுப் பார்த்தார்கள், கம்புக்கு எட்டவில்லை. பாதிரியார் ஓட்டையின் கரையில் நின்றே ஜெபம் சொன்னார்.

எனக்குச் சொல்ல மனமில்லை, ஆனால் நீ தோண்டுகிறாய். இருக்கையின் கீழே ஒரு பாட்டில் இருந்ததாகப் பேசிக்கொள்கிறார்கள். நான் பார்க்கவில்லை. குளிருக்கு ஒரு வாய் குடிப்பது பாவமா? இருந்திருக்கலாம். மனுஷன்தானே.

இதை விட்டுவிடு கண்ணு. குழந்தையைப் பார்.

மாமா


பிரின்ஸ் ஆல்பர்ட்,
மார்ச் 12, 1948

மாமா,

போன கடிதத்தில் கூரை மேல் நின்று பாடினான். இந்தக் கடிதத்தில் பாட்டில் வைத்திருந்தான். அடுத்த கடிதத்தில் அவனை என்ன செய்யப் போகிறீர்கள்?

நோர்பெர்ட் குடிக்கமாட்டான். "தேத்தண்ணி டேங்கு" என்று அவனுக்குப் பெயர் வைத்ததே நீங்கள்தான். ஒரு விருந்தில் ஊற்றிக் கொடுத்தீர்கள், அவன் ஜன்னல் வழியாகக் கொட்டினான், "பனியக் கூடக் குடிகாரனாக்கிட்டான்டா" என்று ஒரு வாரம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தீர்கள். அந்த மனிதனைப் பற்றி இப்படி எழுத உங்கள் கை எப்படி வந்தது?

என் மகளிடம் அந்தப் பள்ளிக்கூடத்துப் பெண் சொன்னாளே, குடிச்சிட்டு என்று. அது எங்கிருந்து புறப்பட்டது என்று இன்றைக்குத்தான் புரிகிறது.

மஸ்கெக்கைப் பற்றி நீங்கள் எழுதிய கடிதத்தை ஆபீஸில் கேட்டு வாங்கி நகல் எடுத்துக்கொண்டு வந்தேன். பார்வோனையும் சீனாக்காரன் தோட்டத்தையும் அடித்துவிட்டுப் படித்தேன். மிச்சம் இருப்பது உண்மை. இந்த வடக்கில் யாரும் அதை இவ்வளவு நன்றாகச் சொன்னதில்லை. மிதிக்காத பனி போர்வை, அடியில் மஸ்கெக் உறையாது. இது தெரிந்தவர் நீங்கள். இது தெரியாதவன் செய்திருந்தால் நான் இத்தனை கடிதம் எழுதமாட்டேன்.

குதிரை வேண்டாம். சிங்கம் வேண்டாம். ஒரே வரி எழுதுங்கள். பெரிய மஸ்கெக்கை மிதித்தீர்களா?

டெல்ஃபின்


மூஸ்கொம்பு ஏரி,
மார்ச் 24, 1948

டெல்ஃபின்,

மிதிக்கவில்லை.

இந்த ஒரு சொல்லை எழுதிவிட்டு நான்கு நாள் கடிதத்தை மேஜை மேலேயே வைத்திருந்தேன். தபால் விமானம் இரண்டு முறை வந்து போய்விட்டது.

நவம்பர் இருபத்தாறாம் தேதி முதல் நல்ல பனி. மற்ற சின்ன மஸ்கெக்குகளை அதற்கு முன் விழுந்த லேசான பனியிலேயே மிதித்திருந்தேன். நேர்த்தடத்துக்காகப் பிஷப்பைப் பெரிய மஸ்கெக்கில் இறக்கினேன். முந்நூறு அடி போயிருப்போம். குதிரை வயிறு வரைக்கும் போய்விட்டது. ஓநாய் எதுவும் வரவில்லை. கயிறு கட்டி, பலகை போட்டு, அதன் அழுகையைக் கேட்டுக்கொண்டே பொழுது சாயும் வரை இழுத்தேன். முன்கால் அப்போதுதான் போனது. நானும் மார்பு வரை இறங்கியிருந்தேன். அடியில் ஒன்றுமே இல்லை, டெல்ஃபின். கால் எதையும் தொடவில்லை. முப்பத்தைந்து வருடமாக இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறேன், அன்றைக்குத்தான் எனக்கு அது தெரிந்தது.

அதற்குப் பிறகு அதில் இறங்க எனக்குப் பயம். பயம் என்று என் வாயால் யாரிடம் சொல்வேன்? நேர்த்தடம் போடுகிறேன் என்று அக்டோபரிலிருந்தே பேசி வைத்திருந்தேன். குளிர் நன்றாக விழுந்தது, பூஜ்யத்துக்குக் கீழே நாற்பது, பத்து நாள். இவ்வளவு குளிரில் தானாகவே இறுகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பனி மேல் நடக்கிற வலைச்செருப்பைப் போட்டுக்கொண்டு, ஓரமாகவே போய், இரண்டு பக்கமும் கன்று நட்டேன். பார்க்க அழகாக இருந்தது. என் வாழ்நாளில் அவ்வளவு நேராக ஒரு வரிசை நட்டதில்லை.

பிறகு புத்தாண்டு. அவன் மண்டியிட்டான். இந்தக் கையைத்தான் தலையில் வைத்தேன். அவன் கேட்டதும் நான் சொன்னதும் நீ எழுதியபடியேதான், ஒரு எழுத்து மாறவில்லை. அப்போது ஒரு வார்த்தை, "முகட்டச் சுத்தியே போ மாப்பிள்ள", இது போதும். பிடில் நின்றிருந்தது. எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஜனவரி பதினான்காம் தேதி மதியம் மோயீஸ் வந்தான். ஒரு காலில் பூட்ஸ் இல்லை. "பெரியவரே, வண்டி போச்சு, நோர்பெர்ட் போயிட்டான்" என்றான். அவனை அடுப்பருகே படுக்கவைத்துவிட்டு நாய்வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். கூரை, பாட்டு, ஒன்றும் இல்லை. சத்தமே இல்லை. டிராக்டருக்கும் முதல் சறுக்கு வண்டிக்கும் நடுவே கொக்கி தெறித்துப்போயிருந்தது. அதனால்தான் மோயீஸ் பிழைத்தான். முன்னால் ஓர் ஓட்டை, காப்பி நிறத் தண்ணீர், மேலே அந்நேரத்துக்கே மெல்லிய ஐஸ் ஏடு. ஒரு கையுறை மிதந்தது. கூப்பிட்டேன். எத்தனை நேரம் என்று தெரியவில்லை. கன்று இரண்டு பக்கமும் நேராக அந்த ஓட்டை வரைக்கும் வந்து, ஓட்டையைத் தாண்டியும் நேராகப் போய்க்கொண்டிருந்தது. அவன் ஓர் அடி கூட விலகவில்லை. நடுவிலேதான் வந்திருக்கிறான்.

இனி எழுதுவதற்கு என்னை நீ என்ன செய்தாலும் தகும். நான் அந்தக் கன்றுகளைப் பிடுங்கினேன். நூற்றுப்பன்னிரண்டு. நாய்வண்டியில் ஏற்றிப் போய் மணல் முகட்டைச் சுற்றி நட்டேன். அன்று பாதியும் மறுநாள் காலையுமாக. மோயீஸ் காய்ச்சலில் இருந்தான். பிற்பகலில் காற்றடித்து எல்லாத் தடமும் ஒன்றாகிவிட்டது. போர்மன் வந்து முகட்டையும் ஓட்டையையும் பார்த்தார். "ஏன்யா இப்படி எறங்கினான்?" என்றார். நான் தலையாட்டினேன். அவர்தான் "குடிச்சிருப்பானோ" என்றார். நான் இல்லை என்று சொல்லவில்லை. பாட்டில் எதுவும் கிடைக்கவில்லை. குடித்திருந்தான் என்று பிறகு ஊரிலே சொன்னது நான்.

உனக்கு நான் எழுதியிருந்தேனே, இழுத்தால் இன்னும் உள்ளே என்று. எழுதும்போது என் எழுத்து அழகாக இருப்பதாக நினைத்துக்கொண்டேன்.

கையுறையை இத்துடன் அனுப்புகிறேன். நீ மணி கோத்துத் தைத்த காட்டு ரோஜா போட்டது. இது இடது கை. வலது அவனிடம் இருக்கும்.

இந்தக் கடிதத்தைக் குமாஸ்தாவிடம் கொடு. நான் ஊரிலும் சொல்லிவிடுகிறேன்.

ஆம்புரோஸ்


மூஸ்கொம்பு ஏரி,
ஏப்ரல் 7, 1948

டெல்ஃபின்,

சொன்னேன்.

ஞாயிறு பூசை முடிந்து எல்லாரும் கடையில் கூடியிருந்தார்கள். மாவு மூட்டை மேல் ஏறி நின்றேன், எல்லாருக்கும் கேட்கட்டும் என்று. அதுதான் தப்பு. கதை சொல்லும்போது நான் ஏறுகிற மூட்டை அது. ஏறினதுமே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

"நோர்பெர்ட் வெலகல. நாந்தான் மிதிக்கல. கன்னப் புடுங்கி மாத்தி நட்டதும் நான்தான்" என்றேன்.

பிறகு போர்மன் கில்கிறிஸ்ட் கேட்டார், "எத்தன கன்னு ஆம்புரோஸ்?"

"நூத்திப் பன்னெண்டு."

"ஒத்த ஆளா? அந்தக் குளிர்ல? உன் வயசுக்கு?" அவர் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். "போன மாசம் கரடிய வெறுங்கையால அடிச்சாரு. இப்போ காட்டையே நகத்திட்டாரு."

சிரித்துவிட்டார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, டெல்ஃபின். அதுதான் தாங்கமுடியவில்லை. ஒருவன் என் தோளைத் தட்டி, "தங்கச்சி மவளுக்காகப் பழிய நீங்களே ஏத்துக்கிறீங்க. பெரிய மனசு பெரியவரே" என்று தேநீர் வாங்கிக் கொடுத்தான். மோயீஸைக் கூப்பிட்டேன். அவன், தான் கூண்டுக்குள் தூங்கினதாகவும், இறங்கி ஓடும்போது கன்று இருந்ததா என்று பார்க்கவில்லை என்றும் சொன்னான். ஓட்டையைக் காட்டப் போர்மனைக் கூட்டிப் போனேன். பனி இளகிவிட்டது. கன்று பிடுங்கின குழி ஒன்றுகூட இல்லை. மஸ்கெக் முழுக்கத் தண்ணீர் மினுமினுவென்று நின்றது.

பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். அவர் மன்னித்தார். நம்பினாரா என்று எனக்குத் தெரியவில்லை.

இந்த முறை நான் ஒன்றுமே சேர்க்கவில்லை. நூற்றுப்பன்னிரண்டு என்பது எண்ணிப் பார்த்த கணக்கு. நூறு என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்களோ என்று இப்போது தோன்றுகிறது. குமாஸ்தா என்ன சொன்னார்? நீயாவது எழுது.

ஆம்புரோஸ்


பிரின்ஸ் ஆல்பர்ட்,
ஏப்ரல் 21, 1948

மாமா,

உங்கள் மார்ச் கடிதத்தை ஆபீஸில் கொடுத்தேன். குமாஸ்தா கையெழுத்தைப் பார்த்ததும், "ஓ, பார்வோன் மாமாவா?" என்று ஆசையாக வாங்கினார். படித்த பிறகு சிரிக்கவில்லை. நல்ல மனிதர்தான். இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்.

"ஒண்ணுல மூணு தடவ மிதிச்சேங்கறாரு, ஒண்ணுல மிதிக்கவே இல்லங்கறாரு. ரெண்டும் ஒரே ஆளு. நான் எத நம்பறதும்மா?"

கம்பெனிக்கு எழுதிக் கேட்டார்கள். தடக்காரர் துக்கத்தில் இருக்கிறார், வயதும் ஆகிவிட்டது, கதை சொல்லுகிற சுபாவம் என்று போர்மன் பதில் அனுப்பியிருக்கிறார். கோப்பை நேற்று மூடிவிட்டார்கள். "விலகி" இருக்கிறது. படிவத்தில் "நிலம்" என்ற கட்டத்தில் டிக் போட்டிருக்கிறார்கள்.

கையுறை வந்தது. செசிலிடம் காட்டவில்லை.

நீங்கள் எழுதிய ஒவ்வொரு சொல்லையும் நான் நம்புகிறேன். இந்த உலகத்தில் நான் ஒருத்திதான் நம்புகிறேன் போலிருக்கிறது. அதனால்தான் இனி உங்களுக்கு எழுதமாட்டேன். பொய் என்று நினைத்திருந்தால் வருடா வருடம் வந்து உங்கள் காலில் விழுந்து ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டிருப்பேன்.

ஒன்று மட்டும். அவனுக்குக் கல்லறை இல்லை. அவன் இருக்கிற இடம் உறைவதும் இல்லை. அடுத்த முதல் பனி விழுந்ததும் அந்த நேர்த்தடத்தை மிதியுங்கள். குதிரை இல்லாமல், உங்கள் காலால், அது கல்லாகும் வரை. அதன் மேல் யாரும் போகவேண்டாம். கன்று நடவேண்டாம்.

மிதித்ததை யாரிடமும் சொல்லாதீர்கள். என்னிடமும்.

டெல்ஃபின்


மூஸ்கொம்பு ஏரி,
டிசம்பர் 19, 1948

டெல்ஃபின்,

நவம்பர் பதினெட்டாம் தேதி முதல் பனி. இந்த வருடம் குளிர் அதிகம். என் மொக்காசின் தோல் காலணி இரண்டுக்கும் அடித்தோல் போய்விட்டது, புதிது தைத்துக்கொண்டேன். அதுவும் போய்விட்டது. இப்போது மூன்றாவது ஜோடி.

வேறு செய்தி இல்லை.

ஆம்புரோஸ்